முத்திரை இல்லாத பாஸ்போர்ட்

(தற்காலிக வேலை விசா பற்றி டிப்ளமோ மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை)



மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் நம் பாலிடெக்னிக்கில் இரண்டே பேச்சுதான். ஒன்று, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தக் கம்பெனி வருகிறது என்பது. மற்றொன்று, "மச்சான், பேசாம வெளிநாடு போயிடலாமாடா?" என்பது. இரண்டாவது பேச்சைப் பேசாத ஹாஸ்டல் ரூம் கிடையாது. ஆனால் விசா என்றால் என்ன, அதை யார் வாங்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. "அதெல்லாம் ஏஜெண்ட் பார்த்துக்குவாரு" என்று சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனாராக சவூதியில் நான்கு வருடம் இருந்தவர். அவர் பாஸ்போர்ட்டையும் எனக்குப் புதிதாக வந்த பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. அந்த வித்தியாசத்தைப் பற்றி விசாரித்துப் படித்ததில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. வளைகுடா நாடுகளையே முக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊர்ப் பக்கமிருந்து அதிகம் பேர் போவது அங்கேதான்.

விசாவுக்கு விண்ணப்பிப்பது யார்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை மாற்றிக்கொள்வோம். வளைகுடா நாடுகளில் வேலை விசா என்பது நாமாகப் போய் வரிசையில் நின்று வாங்குவது கிடையாது. அங்கே இருக்கும் முதலாளி, அதாவது ஸ்பான்சர், தன் நாட்டு அரசிடம் "எனக்கு இத்தனை வெல்டர், இத்தனை எலெக்ட்ரீஷியன் தேவை" என்று கேட்டு அனுமதி வாங்குகிறார். அந்த அனுமதிக்குள் நம் பெயரைச் சேர்க்கிறார். அதனால்தான் அந்த விசா அவருடைய கம்பெனியோடும், அதில் எழுதியிருக்கும் வேலையோடும் கட்டப்பட்டிருக்கிறது. வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது. 'தற்காலிக' என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். முதலாளி பெயரே இல்லாமல் "விசா ரெடியா இருக்கு தம்பி, பணத்தை மட்டும் கட்டு" என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். முதலாளி இல்லாத வேலை விசா இல்லை.

ஈ.சி.ஆர்., ஈ.சி.என்.ஆர். – என்ன வித்தியாசம்?

ஈ.சி.ஆர். என்றதும் மகாபலிபுரம் போகும் ரோடு என்று நினைத்துவிடாதீர்கள்! "எமிகிரேஷன் செக் ரெக்கொயர்டு" என்பதன் சுருக்கம் அது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் அது இருக்கிறது. என்னுடையதில் இல்லை.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், 'புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ்' என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். சென்னையிலும் இந்த அலுவலகம் இருக்கிறது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஜோர்டான், ஈராக் போன்றவையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. சிங்கப்பூர் அதில் இல்லை.

அந்த அனுமதி கொடுக்கும் முன் வேலை ஒப்பந்தம், முதலாளி விவரம், ஏஜெண்டின் பதிவு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற இன்சூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. நாம் எல்லோரும் பத்தாவது முடித்துத்தானே இங்கே வந்தோம்? ஆகவே நம் பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். வகை. விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காட்டினால் போதும், அந்த முத்திரை விழாது. முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. "எம்புள்ள படிச்ச புள்ள, அவனை எவனும் நிறுத்திக் கேக்க மாட்டான்" என்றார் அப்பா.

உண்மைதான். நம்மை யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். ஆனால் "இந்த ஒப்பந்தம் சரியா, இந்த ஏஜெண்ட் யார்" என்றும் நமக்காக யாரும் கேட்க மாட்டார்கள். படித்தவன் தானே பார்த்துக்கொள்வான் என்று சட்டம் நம்மை நம்பி விட்டுவிட்டது. ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட்காரர்களும் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2018 நவம்பரில் அறிவித்தது. அதே மாதமே அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆக, அப்பாவுக்காக ஓர் அதிகாரி செய்த சோதனையை நமக்காக நாமேதான் செய்துகொள்ள வேண்டும். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

சோதனை 1: பாஸ்போர்ட்டில் பெயர்

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். பத்து வருடம் செல்லும். இதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி உண்டு. அதுதான் இனிஷியல். மார்க் ஷீட்டில் "மு. செல்வம்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து "முருகன்" என்று எழுத வேண்டும். ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். டிப்ளமோ சர்டிபிகேட்டில் இன்னொரு மாதிரி வரும். ஒரு எழுத்து மாறினாலும் சான்றொப்பம் வாங்கும்போது அலைய வேண்டியிருக்கும். சிலர் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது பலர் திண்டாடினார்கள். எனவே படிக்கும்போதே எல்லாச் சான்றிதழிலும் பெயரை ஒரே மாதிரி சரிசெய்துகொள்வது நல்லது.

சோதனை 2: ஏஜெண்ட் யார்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புபவர் மத்திய அரசின் பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதைப் பெற 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். சிறிய ஏஜெண்டாக இருந்தால் 8 லட்சம். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது.

பதிவு பெற்றவர்கள் யார், யாருடைய பதிவு காலாவதியானது, யார் மீது புகார் உள்ளது என்பதெல்லாம் 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. செல்போன் இருந்தால் ஐந்து நிமிட வேலை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. அதில் உள்ள எண்ணை எழுதி வந்து, பெயர், முகவரி, காலாவதித் தேதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 30,000 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். மொத்தம் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். நம் ஊரில் என்ன கேட்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டவுனில் இருக்கும் பெரிய ஏஜெண்டுக்குப் பதிவு இருக்கலாம். நம் தெருவுக்கு வந்து "நான் அவரோட ஆளுதான் தம்பி" என்று பணம் வாங்கும் சப்-ஏஜெண்டுக்குப் பதிவு கிடையாது. அவரிடம் கொடுக்கும் பணத்துக்குக் கணக்கும் கிடையாது.

தமிழக அரசே 1978 முதல் 'அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்' என்ற ஒன்றை நடத்தி வருகிறது. அதுவும் பதிவு பெற்ற நிறுவனம்தான். டிப்ளமோ படித்தவர்கள் அங்கே பெயரைப் பதிந்து வைக்கலாம். நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

சோதனை 3: இது வேலை விசாதானா?

"இப்போதைக்கு விசிட் விசால போயிடு, அங்க போனதும் மாத்திக்கலாம்." இந்த ஒரு வாக்கியம் எத்தனை குடும்பத்தைக் கடனாளி ஆக்கியிருக்கிறது! எங்கள் பெரியம்மா மகன் டிப்ளமோ எலெக்ட்ரிகல் முடித்தவர். 2023-ல் இப்படித்தான் அனுப்பப்பட்டார். ஒரு ரூமில் பதினோரு பேர். சைட்டில் வேலை வாங்கினார்கள், சம்பளம் கேட்டால் "விசா மாறட்டும்" என்றார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். அதனால் போலீஸிடமும் போக முடியவில்லை. இரண்டாம் மாதம் திரும்பி வந்துவிட்டார். பெரியம்மாவின் நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இதைவிடக் கொடுமையானது 2022-ல் நடந்தது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக வலைதளத்தில் விளம்பரம் பார்த்துப் போன நம் இளைஞர்களை, எல்லை தாண்டி மியான்மரில் மியாவடி என்ற இடத்துக்குக் கடத்திக்கொண்டு போய், ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24-ல் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். அந்த மோசடிக் கும்பல் குறி வைத்தது கம்ப்யூட்டர் தெரிந்த, படித்த இளைஞர்களைத்தான். நம்மைப் போன்றவர்களை!

எனவே டிக்கெட் போடும் முன் விசா நகலைக் கையில் வாங்கி மூன்று விஷயம் பாருங்கள். என்ன வகை விசா? ஸ்பான்சர் பெயர் ஆஃபர் லெட்டரில் உள்ள கம்பெனிதானா? தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? சூப்பர்வைசர் வேலை என்று சொல்லிவிட்டு விசாவில் லேபர் என்று போட்டிருந்தால், அங்கே போய் நம் டிப்ளமோவைக் காட்டிப் பயனில்லை. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் ஐ.பி.ஏ. எனப்படும் முன்-ஒப்புதல் கடிதத்தைப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளமும் பிடித்தங்களும் அதில் எழுதியிருக்கும்.

வரிசையாக நடக்க வேண்டியவை

1. ஆஃபர் லெட்டர். அமீரகத்தில் அரசு வகுத்த படிவத்தில்தான் இது வர வேண்டும். பிறகு போடும் ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைத்து எழுதக் கூடாது.

2. சான்றிதழ் சரிபார்ப்பு. டிப்ளமோ சான்றிதழுக்கு மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம் என்று சான்றொப்பம் வாங்க வேண்டும். 2022 டிசம்பர் முதல் சவூதி, 'அப்போஸ்டில்' ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால் அங்கே தூதரக முத்திரைக்குப் பதில் அப்போஸ்டில் முத்திரை செல்லும். அமீரகத்துக்குத் தூதரக முத்திரை வேண்டும்.

3. மெடிக்கல். வளைகுடா நாடுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். முன்பு 'காம்கா' என்றார்கள், இப்போது 'வாஃபிட்'. காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ், எச்.ஐ.வி. போன்றவற்றைப் பார்ப்பார்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் முன்பே "முதல்ல மெடிக்கல் எடுத்துடு" என்று அவசரப்படுத்தினால் போகாதீர்கள். பணம் போனால் திரும்பாது.

4. விசா பதிவு. கத்தாருக்கு என்றால் சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருக்கிறது. கைரேகை, மெடிக்கல், ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படிக்க நமக்கு உரிமை உண்டு. பின்னால் ஆள் நிற்கிறார் என்று கூச்சப்பட வேண்டாம்.

5. போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயும் மெடிக்கல், பின் குடியிருப்பு அட்டை. சவூதியில் இதை 'இகாமா' என்பார்கள். இந்த அட்டை வந்தால்தான் நாம் சட்டப்படி வேலை செய்பவர்.

சோதனை 4: ஒப்பந்தத்தில் பேசிக் எவ்வளவு?

நாம் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். போட்டுப் பார்ப்போம். இரண்டு நண்பர்களுக்கு அமீரகத்தில் வேலை. இருவருக்கும் மொத்தச் சம்பளம் 1,500 திர்ஹம். ஒருவருக்கு பேசிக் 800, அலவன்ஸ் 700. மற்றவருக்கு பேசிக் 1,200, அலவன்ஸ் 300. "எல்லாம் ஒண்ணுதானேடா" என்று தோன்றும். ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி ஓவர்டைமும் பணிக்கொடையும் பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன.

ஓவர்டைம்: ஒரு மணி நேர பேசிக் சம்பளத்தோடு 25 சதவீதம் கூடுதல். முதல் நண்பருக்கு 800-ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்து, 1.25-ஆல் பெருக்கினால் 4.17 திர்ஹம். இரண்டாமவருக்கு 6.25 திர்ஹம். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம். மாதத்துக்கு 108 திர்ஹம் வித்தியாசம். 24 மாதத்துக்கு 2,600 திர்ஹம்.

பணிக்கொடை: முதல் ஐந்து வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். இரண்டு வருடத்தில் முதல் நண்பருக்கு 1,120, இரண்டாமவருக்கு 1,680. வித்தியாசம் 560 திர்ஹம்.

ஆக மொத்தம் 3,160 திர்ஹம். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 76,000 ரூபாய்! ஒப்பந்தத்தின் ஒரு வரியைப் படிக்காமல் விட்டதற்கு இவ்வளவு.

கத்தார் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச பேசிக் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் 500-ம் 300-ம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

சோதனை 5: கடன் எத்தனை மாதம்?

அதே 1,500 திர்ஹம், 36,000 ரூபாய். கம்பெனி ரூம், சொந்தச் சாப்பாடு. சாப்பாடு, போன், சில்லறைச் செலவு 500 திர்ஹம் போனால் மிச்சம் 24,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 10,000 அனுப்பினால் கடன் அடைக்க 14,000.

ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தோம், ஊரில் மூணு வட்டிக்கு வாங்கினோம் என்று வைப்போம். முதல் மாத வட்டியே 4,500 ரூபாய். மாதம் 14,000 கட்டினாலும் கடன் தீருவது 14-வது மாதத்தில்தான். இரண்டு வருட விசாவில் பாதிக்கு மேல் வட்டிக்காரருக்காக உழைத்திருப்போம். அரசு சொன்ன 35,400 மட்டும் கொடுத்திருந்தால், அதே வட்டியில் மூன்றாவது மாதமே கடன் தீர்ந்துவிடும்.

கடன் இருப்பதால்தான் அங்கே சம்பளத்தைக் குறைத்தாலும் நம் ஆட்கள் வாய் திறப்பதில்லை. "ஊருக்குப் போனா கடன்காரன் வாசல்ல நிப்பானே" என்ற பயம். அப்பாவும் அப்படித்தான் முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததாகச் சொல்வார்.

சிக்கல் வந்தால்?

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள அமீரகச் சட்டத்தில் இடமில்லை. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டவும் கூடாது. சம்பளப் பிரச்சினை என்றால் அந்த நாட்டுத் தொழிலாளர் துறையிடமும், இந்தியத் தூதரகத்திடமும் புகார் செய்யலாம். 'மதத்' என்ற அரசு இணையதளத்திலும் பதிவு செய்யலாம். கிளம்பும் முன் சந்தேகம் இருந்தால் இந்தியாவிலிருந்து 1800 11 3090 என்ற இலவச எண்ணில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவி மையத்தைக் கேட்கலாம். ஏஜெண்ட் ஏமாற்றினால் புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது, ஒப்பந்தம், விசா, வங்கியில் பணம் போட்ட சீட்டு எல்லாம் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரிஜினல் சான்றிதழை ஏஜெண்டிடம் "இருக்கட்டும்" என்று விட்டுவிட்டு வராதீர்கள்.

1983 சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் கொண்டுவர 2021-லும் 2025-லும் வரைவுகள் வெளியிடப்பட்டன. விதிகளும் கட்டணங்களும் மாறலாம். எனவே கிளம்பும் சமயத்தில் இ-மைக்ரேட் தளத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! வெளிநாடு போகக் கூடாது என்பது என் கட்சி இல்லை. எங்கள் வீட்டுச் சுவரும், நான் கட்டிய செமஸ்டர் ஃபீஸும் வெளிநாட்டுப் பணத்தில் வந்தவைதான். நானும் போவேன். ஆனால் நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படித்தவர்கள். அந்த ஆங்கில ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல நம்மை விட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை. நமக்கு மட்டுமா? பக்கத்து வீட்டு அண்ணன் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு கிளம்பும்போதும் அவர் விசாவைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, வெளிநாடு கிளம்புகிற யாராவது ஒருவருடைய ஏஜெண்டின் பதிவு எண்ணையாவது இ-மைக்ரேட்டில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். படித்த படிப்புக்கு அது முதல் வேலையாக இருக்கட்டும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்